இருக்கிறாள் என்றும் இல்லை என்றும்

"பொய் சொல்லச் சொல்றீங்களாம்மா?" என்று கேட்டார் சீடர் அருமைநாயகம்.

"இல்லை" என்றார் குரு கிருபையம்மா.

"அப்போ உண்மையைச் சொல்லலாமா?"

"அதுவும் வேண்டாம்."

"ரெண்டும் இல்லாம ஒரு மனுஷன் வாசல்ல நின்னு என்ன செய்வான்?"

"நிப்பான்."

சீடர் குருவைவிட இருபது வயது மூத்தவர். தன் ஊரில் முப்பது வருஷம் புருஷன் பெண்டாட்டிச் சண்டைகளைப் பேசித் தீர்த்து வைத்தவர். மனைவி காலமான பிறகு, மலையடிவாரத்தில் இருக்கும் இந்தத் தியான இல்லத்துக்கு வந்து, வயதில் இளையவரிடம் சீடராகச் சேர்ந்தார். குரு அவருக்கு வேதம் எதுவும் சொல்லித் தரவில்லை. வாசல் கதவின் சாவியைக் கொடுத்தார்.

அந்த வாரம் பெனிட்டா என்ற பெண் நாலு வயது மகளோடு உள்ளே தங்கியிருந்தாள். கணவன் ராபின்சன் அவள் கையை ஒடித்திருந்தான். அவன் அவளை நெருங்கக் கூடாது, அவள் தங்கும் இடத்தை யாரும் அவனுக்குச் சொல்லக் கூடாது என்று நீதிமன்றம் உத்தரவு போட்டிருந்தது.

"யார் வந்து யாரைக் கேட்டாலும் சரி" என்றார் குரு. "இருக்காங்கன்னும் சொல்லாதீங்க. இல்லைன்னும் சொல்லாதீங்க."

"இல்லாத ஆளை இல்லைன்னு சொன்னா என்னம்மா கெட்டுப் போகும்?"

குரு உள்ளே போய்விட்டார்.

காலையில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவன் வந்தான். செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நின்றான்.

"ஐயா, இங்க சுகந்தின்னு யாரும் இருக்காங்களா?"

பாவம், யாரையோ தேடி அலைகிறான் என்று நினைத்தார் சீடர்.

"அப்படி யாரும் இல்லையே தம்பி."

"லில்லின்னு?"

"இல்லப்பா. அந்தப் பேர்லயும் யாரும் இல்ல."

"சரிங்கய்யா. பெனிட்டா?"

சீடர் வாயைத் திறந்தார். வாழ்நாளில் பொய் சொல்லாத வாய். திறந்தபடியே நின்றது. பிறகு மூடிக்கொண்டது.

அவன் சிரித்தான். கட்டியிருந்த கைகளைப் பிரித்தான்.

பின்னாலிருந்து குருவின் குரல் வந்தது.

"என்ன வேணும் தம்பி?"

"பெனிட்டா வேணும்."

"இருக்காங்களா இல்லையான்னு சொல்ல மாட்டேன்."

"சுகந்தி இல்லைன்னு பெரியவர் இப்பத்தானே சொன்னாரு?"

"அவர் சொன்னார். நான் சொல்லல. சுகந்தியைப் பத்தியும் சொல்ல மாட்டேன்."

"செத்துப்போன எங்க அப்பனைக் கேட்டா?"

"சொல்ல மாட்டேன்."

"நல்ல சாமியார் மடம். உங்க பேரையாவது சொல்வீங்களா?"

"கிருபை. உங்க பேர் என்ன? சொல்லுங்க, குறிச்சு வச்சுக்கிடுதேன்."

அவன் பேரைச் சொல்லவில்லை. செருப்பை மாட்டினான்.

"நீங்க சொல்லாட்டா என்ன? பெரியவர் மூஞ்சியே சொல்லிருச்சு."

போய்விட்டான்.

சீடர் கதவின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"போலீசைக் கூப்பிடுவோம்மா. ராபின்சனாத்தான் இருக்கும், உத்தரவை மீறிட்டானே."

"கூப்பிட்டா என்ன சொல்வீங்க?"

"அந்தப் பொண்ணு இருக்கிற இடத்துக்கே வந்துட்டான்னு..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அந்தப் புகாரே அவள் இங்கே இருப்பதைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று அவருக்குப் புரிந்தது. மீதியை விழுங்கினார்.

குரு பெண்கள் பாதுகாப்பு அலுவலருக்குப் போன் செய்தார். இருட்டுவதற்குள் வண்டி பின்வாசலுக்கு வரும், தாயையும் பிள்ளையையும் வேறிடத்துக்குக் கொண்டுபோகும் என்று பதில் வந்தது. அதுவரை அவர்கள் சமையலறையை விட்டு வெளியே வரக் கூடாது.

சீடர் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"முப்பது வருஷமும் பேசித்தான் தீர்த்து வச்சேன். பேசத்தான் தெரியும் எனக்கு."

குரு அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"கோர்ட்ல அந்தப் பொண்ணு வாயைத் திறக்கும் முந்தி, ஜட்ஜம்மா எல்லாரையும் வெளிய போகச் சொன்னாங்க. நானும் எழுந்திரிச்சேன். நீங்க அவங்க பக்கம்தானே, இருங்கன்னு வக்கீல் சொன்னார். நான் போய் வெளி பெஞ்சில உக்காந்துட்டேன்."

"ஏம்மா?"

"அந்தக் கை எப்படி ஒடிஞ்சதுன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது, ஐயா."

சீடர் திரும்பிக் குருவைப் பார்த்தார்.

"நீங்க தீர்த்து வைக்கும்போது எத்தனை பேர் உக்காந்திருப்பாங்க?"

ஊரே உட்கார்ந்திருக்கும். அவர் சாவியை எடுத்துக் குருவிடம் நீட்டினார்.

குரு அதை வாங்காமல் எழுந்தார்.

"மறுபடியும் என்னையா நிறுத்துறீங்க?"

"வேற யாரை? இந்தத் தப்பு எப்படி நடக்கும்னு உங்களுக்குத்தான் தெரியும்."

வெயில் சாயத் தொடங்கியது. வண்டி இன்னும் வரவில்லை.

சாலைத் திருப்பத்தில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. அதன் பக்கவாட்டுத் திரை இறக்கிவிட்டிருந்தது. ஒரு பெண் மட்டும் இறங்கி வந்தாள். ஐம்பது வயதிருக்கும். வரும்போதே அழுதாள்.

"ஐயா, நான் பெனிட்டாவோட அம்மா. எம் மவ இங்க இருக்காளா?"

அதே நெற்றி. அதே நாடி. உள்ளே இருப்பவளின் முகம் இருபத்தைந்து வருஷம் கழித்து வாசலில் நின்றது.

"சொல்ல மாட்டேம்மா."

"பெத்தவகிட்டயா?"

"ஆமாம்மா."

"பேத்தி சாப்பிட்டாளா? அதையாவது சொல்லுங்க."

சற்று முன்புதான் பார்த்திருந்தார். அந்தச் சின்னது பருப்புச் சோற்றைப் பிசைந்து கன்னமெல்லாம் அப்பிக்கொண்டிருந்தது. அது அவர் நாக்கு நுனி வரை வந்தது.

"சொல்ல மாட்டேன்."

"நீரும் பிள்ளை பெத்தவருதானே?" அவள் குரல் சாலைவரை கேட்டது. "எம் புள்ள உசிரோட இருக்காளா, இல்லையா? அந்த ஒண்ணைச் சொல்லும். போயிடுதேன்."

சீடரின் கண் நிறைந்துவிட்டது. முகத்தை மறைக்க வேண்டும்போல இருந்தது. மறைக்காமல் நின்றார்.

"அதையும் சொல்ல மாட்டேம்மா."

அவள் இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்து உலுக்கினாள். ஆட்டோவின் திரை ஒரு ஓரத்தில் விலகியது. வெள்ளைச் சட்டைக் கை ஒன்று தெரிந்தது.

அப்போதுதான் சீடர் கவனித்தார். வந்ததிலிருந்து அவள் ஒருமுறைகூட அவர் தோளைத் தாண்டி உள்ளே பார்க்கவில்லை.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைப்பதுபோல் மூடிக்கொண்டு கம்பியோரம் குனிந்தாள். குரல் தாழ்ந்துவிட்டது. அதில் அழுகை இல்லை.

"இப்படியே சொல்லுங்கய்யா. நாளைக்கு நானே வந்து உங்க கால்ல விழுந்து கேட்டாலும்."