இடுப்பு முடிச்சில் இருந்த மோதிரம்

முன்னொரு காலத்தில், காவலர்கள் கொட்டாவி விட்டாலே எரிச்சல்படுகிற ராஜா ஒருவர் இருந்தார். தூங்காத காவலன்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். நாகலிங்க ஆசாரி இரும்பில் ஒரு வாள்பொம்மை செய்து கோட்டை வாசலில் நிறுத்தினார். தினமும் அதற்குச் சாவி கொடுப்பவர் ராஜாதான். சாவியை இடுப்பிலேயே தொங்கவிட்டுக்கொண்டார். அதில் அவருக்கு அப்படியொரு குஷி.

விரலில் அரண்மனைச் செப்பு மோதிரம் இருந்தால் பொம்மை வழிவிடும். இல்லையென்றால் வெட்டும். பக்கத்தில் ஒரு தாழ் உண்டு. அதைப் பிடித்தால் வாள் நின்றுவிடும். தாழருகே எப்போதும் ஓர் ஆள் இருக்க வேண்டும் என்று ஆசாரி படித்துப் படித்துச் சொன்னார். மந்திரி பேரருளாளர் கேட்டால்தானே? பொம்மைக்குத் துணைக்கு ஆளா என்று சிரித்து, அந்த ஆளை அனுப்பிவிட்டார். ராஜாவும் தலையாட்டினார்.

துவைக்கும்போது மோதிரம் ஆற்றோடு போய்விடும் என்று சலவைக்காரர்கள் அதை இடுப்பு முடிச்சில் செருகிக்கொள்வது வழக்கம். மாயாண்டியும் அப்படியே துணிமூட்டையோடு வாசலுக்கு வந்தான். பொம்மைக்குத் தெரிந்தது விரல் மட்டும். பாவி மனுஷன், மூட்டையோடு வெட்டுப்பட்டுச் செத்தான்.

செய்தவன்தான் கொன்றவன், ஆசாரியைத் தூக்கில் போட வேண்டும் என்றார் மந்திரி. அரசவை விகடன் வெள்ளையப்பன் எழுந்து, அது அநியாயம் என்றான். இவனை எப்போது கவிழ்க்கலாம் என்று காத்திருந்த மந்திரிக்குக் கசக்குமா? பார்த்த சாட்சி பொம்மைதான், இவன் அதைச் சாட்சி சொல்லவைக்கட்டும், முடியாவிட்டால் இவனும் தொங்கட்டும் என்றார். ராஜா சம்மதித்தார்.

எல்லோரும் வாசலுக்குப் போனார்கள்.

“பொம்மைக்கு வாய் இல்லை மகாராஜா, வாள்தான் பேசும்,” என்றான் வெள்ளையப்பன். “மந்திரியார் மோதிரத்தை இடுப்பில் செருகிக்கொண்டு இந்த வாசலைக் கடக்கட்டும். அது சாட்சி சொல்லிவிடும்.”

ராஜாவுக்கு வேடிக்கை பிடித்துவிட்டது. போகச் சொன்னார். மந்திரி இரண்டடி பின்வாங்கினார்.

“தாழைப் பிடிக்க ஓர் ஆளை நிறுத்துங்கள் பிரபு. ஆள் இல்லாமல் எப்படிப் போவேன்?”

“மாயாண்டி போனானே,” என்றான் வெள்ளையப்பன்.

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. ஆசாரியின் கட்டை அவிழ்த்தார்கள், மந்திரியின் பதவியைப் பிடுங்கினார்கள். வேண்டிய பரிசைக் கேள், தந்தோம் என்றார் ராஜா.

“தாழ் பிடிக்க ஓர் ஆள் வேண்டும் மகாராஜா. சாவி யார் இடுப்பில் இருக்கிறதோ, அவர்.”

ராஜாவின் சிரிப்பு நின்றது. சபையறியக் கொடுத்த வாக்கு, என்ன செய்வார்?

துக்கம் கழிந்து, மாயாண்டியின் பெண்டாட்டி செங்காளி மூட்டையோடு வந்தாள். மோதிரம் அவள் இடுப்பு முடிச்சில் இருந்தது. ராஜா இரண்டு கையாலும் தாழைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் அவர் முகத்தைப் பார்க்காமலே உள்ளே போனாள்.