கல்லுண்ணியின் குரல்

குரு என்றால் தாடியும் ஆற்றங்கரையும் வேண்டும் என்பவர்கள் வேறு கதை பார்த்துக்கொள்ளலாம். இந்தக் கதையின் குருவுக்குப் பெயர் ஜெசிந்தா. வயது நாற்பத்தொன்று. வளசரவாக்கத்தில் ஒரு இரண்டாவது மாடியில், வெளிச்சத்தம் புகாத சின்ன அறை ஒன்றில், ஒலிப்புத்தகம் வாசிக்கச் சொல்லிக்கொடுக்கிறார். சீடன் தாணுமாலயனுக்கு வயது ஐம்பத்து நான்கு. சீடன் குருவை மேடம் என்பார், குரு சீடனை சார் என்பார். காலம் அப்படி.

தாணுமாலயன் சிறுவர்களுக்கு மாயக்கதை நாவல்கள் எழுதுகிறவர். நான்கு பிள்ளைகள், அவர்கள் குடியிருப்பில் பழுதாகிப்போன ஒரு லிப்ட். அதில் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் கதவு வேறொரு ஜனங்களின் தெய்வங்களிடம் போய்த் திறக்கும். ஒரு புத்தகத்தில் நார்வேயின் பனி அரக்கர்கள் வந்தார்கள். ஒன்றில் நைல் நதியின் முதலைத் தலைக் கடவுள், ஒன்றில் ஜப்பானின் நரித் தேவதைகள். பத்து வயதுப் பிள்ளைகள் சோறு தண்ணீர் மறந்து படித்தார்கள். பொய் சொல்லக்கூடாது, நல்ல கதைகள்தான்.

ஐந்தாவது புத்தகத்தில் லிப்ட் நம் பக்கத்து மலை ஒன்றிலேயே நின்றது. அங்கே கல்லுண்ணி என்று ஒரு அரக்கன் இருந்தான். கல்லைத் தின்பான், பிள்ளைகள் அகப்பட்டால் அவர்களையும் தின்பான்.

இந்தப் புத்தகத்தைத் தன் குரலிலேயே வாசிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் தாணுமாலயன் ஜெசிந்தாவிடம் வந்தார். சத்தமில்லாமல் பக்கம் புரட்டக் கற்றுக்கொண்டார். வாய் உலர்ந்து நாக்கு சொடுக்காமல் இருக்க நடுநடுவே பச்சை ஆப்பிள் ஒரு துண்டு கடிக்கக் கற்றுக்கொண்டார். ஆறு மாதத்தில் பதிவு முடிந்தது. வெளியீடு வெள்ளிக்கிழமை என்று அறிவித்தும் ஆகிவிட்டது.

புதன்கிழமை காலை அவர் செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்தார். கையிலிருந்த அட்டைப்பெட்டியை மேசைமேல் கவிழ்த்தார். உடைந்த ஸ்பீக்கர் ஒன்று துண்டு துண்டாக விழுந்தது.

"இதற்கு என்ன சொல்கிறீர்கள் மேடம்?"

"யாரு உடைச்சது?"

"பதினொரு வயதுப் பெண். கல்லை எடுத்து அடித்திருக்கிறாள். அந்த மலைப் பிள்ளைகள்தான் முதலில் கேட்க வேண்டும் என்று, என் கைக்காசில் ஸ்பீக்கர் வாங்கி, பதிவையும் சேர்த்து அவர்கள் விடுதிப் பள்ளிக்கு அனுப்பினேன். அதற்குக் கிடைத்த மரியாதை இது. கதையைக் கதையாகக் கேட்கக்கூடத் தெரியாத ஜனங்கள். இவர்களை எத்தனை புத்தகத்தில் ஏற்றினாலும் இவர்கள் ஏறப்போவதில்லை."

கோபத்திலும் தாணுமாலயனுக்கு வார்த்தை வழுக்காது. முற்றுப்புள்ளி வைத்துத்தான் திட்டுவார்.

"லெட்டர் எதுவும் வந்துச்சா?"

"வந்திருக்கிறது. விடுதிக் காப்பாளர் எழுதியிருக்கிறார். படித்துப் பாருங்கள், உங்களுக்கும் கோபம் வரும்."

ஜெசிந்தா படித்தார்.

'ஐயா, பத்து நாளைக்கு முன்னால், சனிக்கிழமை மாலை நாற்பத்திரண்டு பிள்ளைகளும் உட்கார்ந்து கேட்டார்கள். ஏழாவது அத்தியாயத்தில் கல்லுண்ணி பேச ஆரம்பித்ததும் எல்லோரும் நிரோஷாவைத் திரும்பிப் பார்த்தார்கள். மேல்மலையிலிருந்து வந்து இங்கே தங்கிப் படிப்பவள் அவள் ஒருத்திதான். கல்லுண்ணி அவள் அப்பா சடையன் பேசுகிற மாதிரியே பேசினான். இழுப்பும் அதேதான், நடுவில் தொண்டையைச் செருமுவதும் அதேதான். மறுநாள் சடையன் மகளைப் பார்க்க வந்தார். பசிக்குதா புள்ளே என்று வாயைத் திறந்தார். பிள்ளைகள் அரக்கன் வந்துட்டான் என்று கத்திக்கொண்டு ஓடினார்கள். ஏதோ விளையாட்டு என்று நினைத்து அவரும் சிரித்தார். நிரோஷா அவரை வாசலுக்கு இழுத்துப்போய், இனிமேல் இங்கே வராதே என்று சொல்லிவிட்டாள். திங்கட்கிழமை ஸ்பீக்கரை உடைத்தாள். அதைச் சரி என்று நான் சொல்லவில்லை. சடையன் இப்போதும் தினமும் மலை இறங்கி வருகிறார். கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டுப் போகிறார். உள்ளே வா என்றால், வேணாம் சார், புள்ள கோவிச்சுக்கும் என்கிறார். வெள்ளிக்கிழமை இது எல்லா ஊருக்கும் போகும் என்று சொல்கிறார்கள். அதற்குள் அந்தக் குரலை மட்டும் எடுத்துவிட முடியுமா?'

ஜெசிந்தாவுக்குக் கோபம் வந்தது. தாணுமாலயன் சொன்ன கோபம் அல்ல அது.

அதில் பாதி தன்மேலேயே. மூன்று மாதத்துக்கு முன்னால், கல்லுண்ணி முதல்முதலாகப் பேசிய அன்று, பதிவு அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டவர் அவர்தான். உள்ளே கேட்கும்படி பேசுகிற பொத்தானை அழுத்தி, "பிரமாதம் சார், எங்க பிடிச்சீங்க இந்தக் குரலை?" என்று கேட்டார். மலையில் ஒரு பெரியவர் என்றார் தாணுமாலயன். அடுத்த கேள்வி கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

"சடையனை உங்களுக்கு நல்லாத் தெரியுமா?"

"தெரியாமல் என்ன? கல்லுண்ணி கதையை எனக்குச் சொன்னவரே அவர்தான். மூன்று நாள் அவர் வீட்டில் தங்கினேன். கேட்டுக் கேட்டுப் போனில் பதிவு செய்துகொண்டேன். நன்றியுரையில் முதல் பெயர் அவர் பெயர்தான். அவருக்கு என்ன குறை வைத்துவிட்டேன்?"

"நார்வே அரக்கனுக்கு எந்தக் குரல் குடுத்தீங்க?"

"அது வேறு ஒருவர் வாசித்தது."

"எழுதினது நீங்கதானே. எப்படிப் பேசினான் அவன்?"

"நல்ல தமிழில்."

"முதலைத் தலைக் கடவுள்?"

"அதுவும் நல்ல தமிழ்தான்."

"ஜப்பான் நரி?"

தாணுமாலயன் மேசைமேல் கிடந்த ஸ்பீக்கர் துண்டு ஒன்றை எடுத்து அட்டைப்பெட்டியில் போட்டார்.

"நார்வேக்காரன் மாதிரி இழுத்துப் பேச வைக்கணும்னு தோணவே இல்லையா சார்?"

"நார்வேக்காரன் எப்படிப் பேசுவான் என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன அவன் வீட்டில் சாப்பிட்டேனா?"

சொல்லிவிட்டு அவரே ஒரு நொடி நின்றார். ஆனால் கோபம் அதற்குள் அடுத்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டது.

"மேடம், நான் அவர்களைக் கிண்டல் செய்யவில்லை. உள்ளதை உள்ளபடி வாசித்தேன். மண்ணின் வாசனை வேண்டாமா கதைக்கு?"

"லிப்ட்ல போற அந்த நாலு பிள்ளைங்களுக்கு எந்த மண்ணு சார்? அவங்க வாயில ஒரு வாசனையும் வரலையே."

"அவர்கள் கதாநாயகர்கள்."

"ம்."

ஜெசிந்தா எழுந்தார். ஏசியை அணைத்தார். பதிவு நடக்கும்போது ஏசி ஓடக்கூடாது, அதன் இரைச்சல் ஒலியில் ஏறிவிடும்.

"உள்ள போங்க."

"எதற்கு?"

"ஏழாவது அத்தியாயம். கல்லுண்ணி பேசற வரியை மட்டும் திரும்ப வாசிங்க. சடையன் குரல் வேணாம்."

"வேறு எந்தக் குரலில்?"

"பதினோரு மணிக்கு உங்க அம்மா போன் பண்ணா, இங்க நின்னு பேசாம படிக்கட்டுக்குப் போயிடுவீங்களே. அங்க பேசுற குரல்ல."

தாணுமாலயன் முகம் சுருங்கியது. அவருக்கு நாகர்கோவில் பக்கம் ஊர். முப்பது வருடத்துக்கு முன்னால் சென்னைக்கு வந்து முதல் வேலையில் சேர்ந்த அன்று, சாப்பாட்டு நேரத்தில் ஊர்ப் பேச்சில் இரண்டு வார்த்தை பேசினார். அலுவலகமே அதைப் பேசிப் பேசிச் சிரித்தது. ஒரு வருடம் சிரித்தது. அந்த வருடத்தில்தான் அவர் இந்த முற்றுப்புள்ளி வைத்த தமிழைக் கற்றுக்கொண்டார். அதற்குப் பிறகு அம்மாவைத் தவிர யாரும் அந்தப் பழைய குரலைக் கேட்டதில்லை.

"நான் மாட்டேன்."

"கத்துக்க வந்தீங்களா, சபாஷ் வாங்க வந்தீங்களா?"

இந்த ஒரு வார்த்தைக்குத்தான் அவர் உள்ளே போனார். கோபத்தோடுதான் போனார், கதவை அறைந்து சாத்த முடியவில்லை; அந்த அறையின் கதவுக்கு ரப்பர் வைத்திருந்தது. ஹெட்போனை மாட்டினார். தாள்களைத் தாங்கியில் வைத்தார். ஆப்பிளைத் தொடவில்லை.

"ஓடுது சார். ஆரம்பிங்க."

"வாருங்க மக்ளே," என்றார் தாணுமாலயன். "எனக்குப் பசிக்கி. ஒங்க எலும்பு கல்லவிட பதமா இருக்கும்லா."

"அவசரப்படாதீங்க. அரக்கனுக்கு நேரம் நிறைய இருக்கு. இன்னொரு தடவை."

"வாருங்க மக்ளே. எனக்குப் பசிக்கி."

"நல்லா இருக்கு. சிரிப்பு வருது. மேல போங்க."

கண்ணாடிக்குப் பின்னால் அவர் நெற்றி வியர்த்தது. அடுத்த வரிக்குக் கண் போனது. புத்தகத்தில் அது, 'பயப்படாதீர்கள் பிள்ளைகளே, நான் ஒன்றும் செய்ய மாட்டேன், பக்கத்தில் வாருங்கள், உங்கள் முகத்தைப் பார்க்கிறேன்' என்று அச்சாகியிருந்தது. கல்லுண்ணி பிள்ளைகளை ஏமாற்றிக் கூப்பிடும் இடம்.

"பேடிக்காதிங்க மக்ளே. நான் ஒண்ணும் செய்ய மாட்டேன். பக்கத்துல வா, மொகத்த ஒருக்கா பாக்கட்டு."

அங்கே நின்றுவிட்டார்.

அவர் அம்மாவுக்கு எண்பத்திரண்டு வயது. கண்ணில் புரை. அவர் ஊருக்குப் போகும்போதெல்லாம் கதவண்டை நின்று இந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் சொல்வாள்.

"நிறுத்தாதீங்க. அடுத்தது பல்லைக் கடிக்கற இடம்."

தாணுமாலயன் ஹெட்போனைக் கழற்றி எறிந்தார். கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார்.

"இது எங்க அம்மைக்க பேச்சாக்கும்," என்று கத்தினார். "இதப் போயி பிள்ளை திங்கவனுக்குக் குடுக்கச் சொல்லுதியளே, ஒங்களுக்கு மனசாட்சி இருக்கா? அழிச்சிருங்க. இப்பமே அழிச்சிருங்க."

"எதை?"

"இப்பம் வாசிச்சத."

"அதை மட்டுமா?"

தாணுமாலயன் நாற்காலியில் உட்கார்ந்தார். ஜெசிந்தா அவருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. கொடுக்கிற மனநிலையில் அவர் இல்லை.

"ஏழும் எட்டும் பதினொண்ணும்," என்றார் கடைசியில். "கல்லுண்ணி வாயத் தொறக்கிற எடமெல்லாம்."

ஜெசிந்தா அவர் பார்க்கப் பார்க்கவே ஒவ்வொன்றாக அழித்தார். மொத்தம் நாற்பத்தேழு நிமிடம். பிறகு பதிப்பகத்துக்குப் போன் போட்டார்.

"வெள்ளிக்கிழமை வராது சார். இல்ல, மெஷின் கோளாறு இல்ல, எங்க கோளாறுதான். கோவப்படுங்க. தாராளமாப் படுங்க." போனை வைத்தார்.

"நான் நாளைக்கே மலைக்குப் போகிறேன்," என்றார் தாணுமாலயன். படிக்கட்டுக் குரல் போய், முற்றுப்புள்ளி வைத்த தமிழ் திரும்பியிருந்தது. "சடையனிடம் நேரில் மன்னிப்புக் கேட்கிறேன்."

"கேட்டா பரவாயில்ல சார்ம்பாரு. உக்கார வெச்சு சோறு போடுவாரு. நீங்களும் சாப்பிட்டுட்டு மனசு லேசாகி வந்துடுவீங்க. அவர் கேட்டுக்கு வெளியதான் நிப்பாரு."

"பிறகு நான் என்னதான் செய்ய?"

"அந்தப் பொண்ணுகிட்டப் போங்க. அவ திட்டுவா. உக்காந்து கேளுங்க. நானும் வரேன், எனக்கும் திட்டு பாக்கி இருக்கு."

தாணுமாலயன் தலையை ஆட்டினார். மேசைமேல் கிடந்த தாள்களை எடுத்து அடுக்கினார். ஏழாவது அத்தியாயத்தைப் பிரித்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்தாளர் அல்லவா, புத்தி அங்கேயேதான் போய் நிற்கும்.

"மேடம், ஒன்று கேட்க வேண்டும்."

"கேளுங்க."

"அவர் குரல் வேண்டாம். என் அம்மா குரலும் வேண்டாம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கல்லுண்ணி ஏதாவது ஒரு குரலில் பேசித்தானே ஆக வேண்டும்? கேட்கிற பிள்ளைகள் பயப்பட வேண்டாமா? எந்தக் குரலில் வாசிக்கட்டும்?"

ஜெசிந்தா அவருக்காக அறைக் கதவைத் திறந்து பிடித்தார்.

"காலையில உள்ள வந்ததும் அந்த ஜனங்களைப் பத்திப் பேசினீங்களே சார், அந்தக் குரல்ல வாசிங்க. நானே பயந்துட்டேன்."