மாசிலாமணி முதலையும் பனந்துண்டும்

ஆறு கடலில் கலக்கிற இடத்தில் அலையாத்திக் காடு. காட்டுக்கு நடுவே ஓர் ஓடை. அந்த ஓடைக்கரையில் ஒரு முதலை இருந்தது. பெயர்தான் மாசிலாமணி, முதுகில் எந்நேரமும் ஒரு வண்டிச் சேறு.

அந்தச் சேறுதான் அதன் பிழைப்பு. காலையிலேயே சேற்றில் புரண்டுவிட்டுக் கரையில் அசையாமல் படுத்துக்கொள்ளும். வெயிலில் சேறு காய்ந்து வெடித்தால், யார் பார்த்தாலும் ஒதுங்கிய மரக்கட்டை என்றுதான் சொல்வார்கள். போதாக்குறைக்குப் பாக்கியம் என்ற கொக்கு வந்து முதுகில் ஒற்றைக்காலில் நிற்கும். முதலை பாயும்போது தண்ணீர் கலங்கும், சின்ன மீன் மேலே வரும், அது பாக்கியத்தின் பங்கு. இரண்டும் கூட்டுத் தொழில்.

அன்றைக்கு அமாவாசை. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும்தான் ஓடையில் தண்ணீர் நன்றாக வற்றும். அப்போதுதான் காட்டுப்பன்றிகள் நண்டு தோண்ட இந்தக் கரைக்குக் கடந்து வரும். போன பௌர்ணமிக்கு மழை பெய்து எல்லாம் கெட்டுப்போனது. மாசிலாமணிக்கு வயிறு முதுகோடு ஒட்டிக் கிடந்தது. இன்றைக்கும் தப்பவிட்டால் எழுந்து நீந்தக்கூடத் தெம்பு இருக்காது.

தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தபோது ஒரு சின்னக் கப்பல் சத்தமில்லாமல் வந்து ஓடை முகத்தில் நின்றது. காட்டு விலங்கு பார்க்க வந்தவர்கள். எல்லார் கழுத்திலும் தொலைநோக்கி, கையில் கேமரா, தலையில் பெரிய தொப்பி. அவர்களுக்கு முன்னால் ஒரு வழிகாட்டி, எல்லாம் தெரிந்தவர்.

"யாரும் பேசாதீங்க," என்றார் வழிகாட்டி, கிசுகிசுப்பாக. "அங்க பாருங்க. முதலை."

மாசிலாமணிக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. தாடையைக் கொஞ்சம் எடுப்பாக வைத்துக்கொண்டது. ஒற்றைக் கண்ணை லேசாகத் திறந்து பார்த்தால், கேமராக்கள் எல்லாம் எதிர்க்கரையைப் பார்த்துத் திரும்பியிருந்தன. அங்கே கிடந்தது வெள்ளத்தில் அடித்து வந்த ஒரு பனந்துண்டு.

"அப்போ இந்தப் பக்கம் கிடக்கிறது என்ன சார்?" என்று ஓர் அம்மாள் கேட்டார்.

"அது மரக்கட்டை மேடம். மேல கொக்கு நிக்குது பாருங்க. முதலை மேல எந்தக் கொக்காவது வந்து நிக்குமா?"

எல்லாரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். மாசிலாமணிக்குச் சுருக்கென்றது.

"கேட்டியா பாக்கியம்? என்னையப் பார்த்து மரக்கட்டைங்கிறான்."

"சொன்னா சொல்லிட்டுப் போறான், பேசாம கிடங்கண்ணே. அப்படிச் சொல்லணும்னுதானே நாம இந்தப் பாடு படுறோம்? பன்றி எல்லாம் அக்கரைப் புதர்கிட்ட வந்தாச்சு."

உண்மைதான். கிழப் பன்றி ஒன்று முன்னால் வந்து கரையை மோந்து பார்த்தது. பின்னால் குட்டிகள். மரக்கட்டை, அதன் மேல் கொக்கு. பயமில்லை என்று முதல் காலைத் தண்ணீரில் வைத்தது.

கப்பலில் பனந்துண்டின் புகழ் ஏறிக்கொண்டே போனது.

"என்ன கம்பீரம் பாருங்க," என்றார் ஒருவர்.

"பல்லு கூடத் தெரியுது," என்றார் இன்னொருவர். பனைமரத்துக்கு ஏது பல்?

"நாம வந்ததிலேர்ந்து அசையவே இல்லை," என்றார் வழிகாட்டி. "அசல் முதலைக்குத்தான் இவ்வளவு பொறுமை வரும்."

போதும். மாசிலாமணியின் பொறுமை அந்த இடத்தில் அறுந்தது. காலையிலிருந்து கொசுக்கடியில் கிடப்பது யார், பெயர் வாங்குவது யார்?

"அண்ணே, இன்னும் நாலு எட்டுதான்," என்று பாக்கியம் கெஞ்சியது. "பன்றி பாதி தூரம் வந்திருச்சு. மானத்தைச் சாயங்காலம் பார்த்துக்கலாம்."

யார் கேட்டது? வாயைப் பிளந்து, வாலை உயர்த்தி ஓங்கி ஓர் அடி அடித்தது மாசிலாமணி. "ஏய், நான்தான்யா முதலை! இங்க பாருங்கய்யா!"

பன்றிகள் பறந்தன. பாக்கியம் நிஜமாகவே பறந்தது. அடித்த வேகத்தில் கரைச்சேறு சரிந்து, மாசிலாமணி முகம் குப்புறத் தண்ணீருக்குள் போய் விழுந்தது. அந்த அலை எதிர்க்கரைக்குப் போய்ப் பனந்துண்டை மெல்லத் தூக்கி ஆட்டியது.

"அசையுது! அசையுது!" என்று கப்பலே ஆர்ப்பரித்தது. கேமராக்கள் படபடவென்று அடித்தன. ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வாயில் சேறோடு மாசிலாமணி தலையைத் தூக்கியபோது ஒருவரும் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்த்தது அக்கரையில் நின்ற கிழப் பன்றி ஒன்றுதான். "நல்லா முகம் பார்த்து வச்சுக்கோங்க பிள்ளைகளா," என்று குட்டிகளிடம் சொன்னது. "இனிமே இந்தப் பக்கமே வேண்டாம். வேற துறையில இறங்கலாம்."

ஆசைப்பட்டபடி முதலை என்று ஒருவர் ஒத்துக்கொண்டாயிற்று. அதை வைத்து வயிற்றை நிரப்ப முடியவில்லை.

மறுநாளும் கப்பல் வந்தது. பாக்கியம் இப்போது பனந்துண்டின் மேல் நின்றுகொண்டிருந்தது.

"என்ன பாக்கியம், என்னை விட்டுட்டியே," என்றது மாசிலாமணி, கண்ணை மட்டும் தண்ணீருக்கு மேலே நீட்டி.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. இது குதிக்காது."

கப்பலில் வழிகாட்டி உருகிப்போய்ச் சொல்லிக்கொண்டிருந்தார். "பாருங்க, முதலை மேல கொக்கு. என்ன சிநேகம்!"

மாசிலாமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலி வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தது. "அந்தப் பனந்துண்டுக்கு இருந்த புத்தி எனக்கு இல்லாமப் போச்சே. அது கட்டையாவே கிடந்து முதலைன்னு பேர் வாங்கிருச்சு. நான் முதலையாப் பிறந்து, கட்டைங்கிற நல்ல பேரையும் கெடுத்துக்கிட்டேன்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. பிறகு பௌர்ணமி வரை நத்தை பொறுக்கித் தின்னப் புறப்பட்டது.

நம் சோறு எதில் வேகிறது என்பதை மறந்து, வழிப்போக்கர் வாயால் புகழ் கேட்க ஆசைப்பட்டால், புகழும் வராது, சோறும் வேகாது.