ஸ்டுடியோக்காரரின் சொடக்கு

நாணலுக்கு அப்பால் நறுக் நறுக்கென்று சத்தம் கேட்டது. யாரோ கெட்டி முறுக்கை அவசரமில்லாமல் கடித்துத் தின்பதுபோல.

திருமூர்த்தி மூச்சை அடக்கிக்கொண்டார். பதினெட்டு வருடங்களுக்கு முன்பு இதே ஆற்றங்கரையில், அவர் தோளில் உட்கார்ந்திருந்த ஆறு வயது வைசாலி காதுக்குள் கேட்டாள். "அப்பா, யாருப்பா அங்க முறுக்குத் திங்கறது?"

நீர்நாய். பாறைமேல் உட்கார்ந்து, மீனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தின்றது. அன்றைக்கு அவர் கேமராவை வேனிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். மீன் தீரும்வரை குடும்பமே பார்த்துக்கொண்டு நின்றது.

அப்புறம் ஒவ்வொரு லீவுக்கும் வந்தார்கள். புளிச்சோறும் கேமராவுமாக. அந்தப் படம் மட்டும் அமையவே இல்லை.

வருகிற வெள்ளிக்கிழமை வைசாலி புருஷனோடு மஸ்கட் போகிறாள். "என்ன கண்ணு வேணும்?" என்று கேட்டதற்கு, "அது முறுக்குத் திங்கற படம் ஒண்ணு குடுங்கப்பா, போதும்" என்றிருந்தாள்.

இப்போது அவளும் அம்மா கோமதியும் பின்னால் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் நாகி, அந்தக் காட்டின் காவலர். திருமூர்த்தியைவிட இருபது வயது சின்னவள். ஊரில் அவர் ஸ்டுடியோ முதலாளி. காட்டுக்குள் நாகியின் சீடன். அவரே அப்படித்தான் சொல்லிக்கொள்வார்.

கேமராவோடு மெல்ல முன்னேறியவர் திரும்பிப் பார்த்தபோது, நாகி போதும் என்று கை காட்டினாள். அவர் நின்றார். நின்றவர் இன்னும் நாலடி வைத்தார்.

நீர்நாய் குனிந்தே தின்றுகொண்டிருந்தது. முகம் தெரியவில்லை. கல்யாண மேடைகளில் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் முன்னால் இருபத்தாறு வருடம் செய்த காரியத்தை விரல் தானாகச் செய்துவிட்டது. சொடக்குப் போட்டார்.

நீர்நாய் நிமிர்ந்து பார்த்தது. படம் பதிந்தது. அடுத்த நொடி பாறையில் பாதி மீன்தான் கிடந்தது.

"அப்பா! அதென்ன மாப்பிள்ளையா, சொடக்குப் போட்டுக் கூப்பிடறதுக்கு?"

"அட நீ வேற," என்றாள் கோமதி. "எங்க கல்யாணத்துல, தாலி கட்டற நேரத்துல, லைட்டு பத்தலைன்னு போட்டோக்காரர்கூடச் சண்டை போட்டவரு உங்கப்பா."

அம்மாவும் மகளும் சிரித்தார்கள். சிரித்து முடித்தபோது வைசாலி பாறையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். திருமூர்த்தி அதைக் கவனித்தார்.

மத்தியானம் காவல் குடிசை வாசலில் நாகி மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். அவர் கேமராவை எடுத்துக்கொண்டு போய் எதிரே நின்றார்.

"பதினெட்டு வருசப் படம் அம்மிணி. ஒண்ணு விடாம எல்லாத்துலயும் அது என்னையே பாக்குது."

"பாக்குமுங்க."

"சாயந்திரம் திரும்ப வருமா?"

"மீன் பாதியில கெடக்குதில்லீங்க. வந்தாலும் வரும்."

"அப்ப எத்தனை அடி தள்ளி நிக்கோணும்? ஒரு கணக்குச் சொல்லிப்போடுங்க."

நாகி நிமிரவில்லை. "என்னை ஒரு படம் எடுங்கண்ணா. கிட்டத்துல வந்து."

அவர் கேமராவைத் தூக்கிக்கொண்டு நெருங்கினார். போசிப் பாத்திரத்தில் விழுந்துகொண்டிருந்த மொச்சை நின்றது. நாகியின் தோள் விறைத்தது. உரித்தது பாதியும் உரிக்காதது பாதியுமாக ஒரு காய் அவள் விரலிலேயே நின்றுவிட்டது.

"உரிங்க அம்மிணி, சும்மா உரிங்க."

அவள் உரிக்கவில்லை. "என் கையப் பாத்துக்கிட்டே பின்னால போங்க," என்றாள்.

ஓரடி பின்வாங்கினார். கை அசையவில்லை. நாலடி. அசையவில்லை. குதிகாலில் கல் இடறியது. வாசல் தாண்டி, வேலி தாண்டிப் புளியமரத்தில் முதுகு முட்டியபோது, போசியில் டணக்கென்று ஒரு மொச்சை விழுந்தது.

திருமூர்த்தி கண்ணைக் கேமராவில் வைத்துப் பார்த்தார். நாகி கட்டைவிரல் அளவுக்குத்தான் தெரிந்தாள்.

"இத்தனை தூரத்துல முகமே தெரியாதே அம்மிணி!" என்று கத்தினார்.

"பாப்பா கேட்டது முகத்தையாங்கண்ணா?"

எப்போது வந்தாளோ, வைசாலி மரத்தின் ஓரத்திலிருந்து அவர் தோளில் கை வைத்தாள். அவர் திரும்பாமலே கேமராவைக் கீழே இறக்கினார்.

குடிசை வாசலில் நாகி அடுத்த காயை எடுத்து உரிக்க ஆரம்பித்திருந்தாள்.