பத்து டப்பாவும் ஒரே நடை

துறையூர்ப் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு கம்ப்யூட்டர் சென்டர். அங்கே ஒரு கம்ப்யூட்டரின் கறுப்புப் பெட்டிக்குள், அதன் மூளையாக பிராசசர் ஒருவன் குடியிருந்தான். கடைக்காரி பிலோமினா அடுத்து என்ன கேட்பாள் என்று ஊகித்து, அவள் கேட்கும் முன்பே செய்து வைத்துவிடுவான். அதில் அவனுக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமில்லை.

பெட்டிக்குள் பூட்டுப் போட்ட அலமாரி ஒன்று உண்டு. கடைக்கு வருகிறவர்களின் பாஸ்வேர்டுகள் அதில்தான் இருக்கும். அதற்கு ஒரு காவல்காரர். யார் எதைக் கேட்டாலும் கண்ணாடியைத் தேடி மாட்டி, பதிவேட்டைப் புரட்டி, "கொடு" என்றோ "கூடாது" என்றோ சொல்ல அவருக்கு நேரம் பிடிக்கும். அதுவரை பொறுக்க நம் ஆளால் முடியுமா? அவர் கண்ணாடியைத் தேடும்போதே கேட்டதை எடுத்துவந்து பக்கத்துத் தட்டில் வைத்துவிடுவான். "கொடு" என்றால் நேரம் மிச்சம். "கூடாது" என்றால் வாயைத் திறக்காமல் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிடுவான்.

வாசலில் ஆறு மாதமாக ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். பெயர் அப்டேட்.

"உன் அவசரத்துல ஒரு ஓட்டை இருக்குப்பா. அடைக்க வந்திருக்கேன்."

"அடைச்சா எனக்கு என்ன ஆகும்?"

"கொஞ்சம் மெதுவாயிடுவ."

"அப்ப அங்கேயே நில்லு."

அவளுடைய அறிவிப்பு திரையில் எழும்போதெல்லாம் வேறு ஏதாவது ஒரு பக்கத்தை முன்னால் தள்ளி அதை மறைத்துவிடுவான். காரணம் இல்லாமல் இல்லை. "இது இழுக்க ஆரம்பிச்சா தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிடணும்" என்று பிலோமினா சொன்னதை அவன் தன் காதால் கேட்டிருந்தான். பாவம், அவன் பயம் அவனுக்கு.

ஒருநாள் மதியம் செம்மலர் என்ற பெண் வந்தாள். கால்நடை மருத்துவப் படிப்புக்கு விரும்பும் கல்லூரிகளை வரிசைப்படுத்தி அனுப்ப அன்று மாலை ஐந்து மணிதான் கெடு. ஆறு இலக்க ரகசிய எண்ணை அவள் தட்டினாள். அது நேரே அலமாரிக்குள் போனது.

போன வாரம் யாரோ இலவசமாகக் கிடைக்கிறதே என்று இறக்கிய ஜாதகப் பொருத்தப் புரோகிராம் ஒன்று பெட்டிக்குள் விருந்தாளியாக உட்கார்ந்திருந்தது. பூஜ்ஜியம் முதல் ஒன்பது வரை எண் போட்ட பத்து டப்பாக்களைப் பின்கட்டில் அடுக்கி வைத்திருந்தது. பேச்சில் மகா மரியாதை.

"அண்ணே, அந்தப் பொண்ணோட எண்ல முதல் இலக்கத்தப் பாருங்க. அது எதுவோ, அந்த நம்பர் போட்ட என் டப்பாவ எடுத்து வைங்க."

காவல்காரர் கண்ணாடியைத் தேடினார். அதற்குள் பிராசசர் அலமாரியில் எட்டிப் பார்த்து, டப்பாவையும் தட்டுக்கு எடுத்து வந்துவிட்டான்.

"கூடாது" என்றார் காவல்காரர். பிராசசர் மறுபேச்சில்லாமல் அலமாரியை மூடினான். தட்டில் இருந்த டப்பாவை மறந்துபோனான்.

விருந்தாளிக்குக் கோபமே வரவில்லை. "சரிண்ணே, விடுங்க. என் டப்பாங்கள ஒவ்வொண்ணா காட்டுங்க, போதும்."

பூஜ்ஜியத்துக்குப் பின்கட்டுக்குப் போய் வந்தான். ஒன்று முதல் ஆறு வரைக்கும் அதே நடை. ஏழு என்றதும், ஏற்கெனவே தட்டில் கைக்கெட்டிய தூரத்தில் இருந்ததை டக்கென்று நீட்டினான். விருந்தாளி எதையோ குறித்துக்கொண்டது. பிறகு இரண்டாம் இலக்கம், மூன்றாம் இலக்கம் என்று அதே கதை நடந்தது.

பிராசசரின் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்த காத்தாடி பொறுக்கமாட்டாமல் கத்தினாள். "யோவ், அவன் டப்பாவத் திறந்துகூடப் பாக்கலய்யா! எது சீக்கிரம் வருதுன்னுதான் பாத்துட்டு இருக்கான், அதானே அந்தப் பொண்ணோட இலக்கம்!"

"நான் ஒரு எண்ணும் சொல்லலையே!"

"நீ சொல்லல. உன் அவசரம் சொல்லிருச்சு."

பிராசசருக்கு உடம்பெல்லாம் கூசியது. மூன்று இலக்கம் போய்விட்டது. மிச்ச மூன்றும் போனால், விருந்தாளியை அனுப்பிவிட்டு எங்கோ உட்கார்ந்திருக்கிற ஒருவன் அந்தப் பெண்ணின் கல்லூரி வரிசையைத் தலைகீழாக மாற்றிவிடுவான். வேகம் போனால் தன் கதி என்ன என்றும் அவனுக்குத் தெரியும். ஒரு கணம்தான் தயங்கினான். ஆறு மாதமாக ஒளித்து வைத்திருந்த அறிவிப்பை இழுத்துவந்து திரையின் நட்டநடுவில் நிறுத்தினான்.

"இதப் போட்டா மெஷின் இழுக்கும்மா" என்றாள் பிலோமினா. "உனக்கு அஞ்சு மணிக்குள்ள முடிக்கணும்ல?"

"மணி மூணுதானக்கா ஆகுது. பாதுகாப்புன்னு போட்டிருக்கே, போட்டுருங்க. நான் இருக்கேன்."

அப்டேட் உள்ளே வந்தாள். அப்பவே சொன்னேனே என்று குத்திக்காட்டவில்லை. "எல்லாத்துக்கும் கையைக் கட்டிட்டு நிக்க வேணாம்ப்பா. மத்த வேலைக்கெல்லாம் எப்பவும் போல ஊகிச்சு முந்திக்கோ. அலமாரின்னா மட்டும் அவர் வாயத் திறக்கிற வரைக்கும் பொறு" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தாள்.

பெட்டி அணைந்து மறுபடி எழுந்ததும் செம்மலர் எண்ணைத் தட்டினாள். விருந்தாளியும் வந்தது. "அண்ணே, நாலாவது இலக்கம்..."

பிராசசருக்குக் கை பரபரத்தது. ஆனாலும் காத்திருந்தான். காவல்காரர் கண்ணாடியைத் தேடி, மாட்டி, புரட்டி, "கூடாது" என்றார். தட்டு காலியாகவே இருந்தது. விருந்தாளி டப்பாக்களைக் கேட்டது. பத்துக்கும் பின்கட்டுக்குப் போய்வந்தான். மறுபடியும் கேட்டது. மறுபடியும் அதே நடை. குறித்துக்கொள்ள ஒன்றும் இல்லாமல் விருந்தாளி விழித்தது.

வெளியே திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. பிலோமினா அதையே பார்த்தாள். தூக்கிப் போடணும் என்று அவள் முன்பு சொன்னது பிராசசருக்கு நினைவு வந்தது.

நாலேகாலுக்கு, "உங்கள் விருப்பங்கள் பதிவாகிவிட்டன" என்று வந்தது. செம்மலர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தாள். அவள் முகத்தைப் பார்த்து பிலோமினாவும் சிரித்துவிட்டாள்.

"கொஞ்சம் இழுக்கத்தான் செய்யுது. இருந்துட்டுப் போகட்டும். வர்றவங்க உக்கார இன்னொரு நாற்காலி போட்டாப் போச்சு."

உள்ளே காத்தாடி சீண்டினாள். "என்னய்யா, பத்து டப்பாவுக்கும் ஒரே மாதிரி நடையா?"

"கேட்டவனுக்கு டப்பாவக் கொடுத்தாச்சு" என்றான் பிராசசர். "என் அவசரத்தையும் சேத்து எதுக்குக் கொடுக்கணும்?"