கட்டெறும்பு பார்த்த வைத்தியம்

ஜமீன் மாளிகையில் சந்தனம் அரைக்கும் செங்கமலத்தின் முழங்கையில் காசளவு வெள்ளை விழுந்தது. அரண்மனை வைத்தியர் எட்ட நின்றே பார்த்தார். "பெருவியாதி, எசமான்! பொழுது சாயறதுக்குள்ள ஆத்துக்கு அக்கரையில தள்ளிடணும்."

அக்கரைக்குப் போன தொழுநோயாளிகள் திரும்பியதில்லை. அவள் அப்பனும் திரும்பவில்லை. செங்கமலம் ஜமீன்தாரைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"எசமான், எங்கப்பனுக்கு இருந்தது பெருவியாதி. நெருப்பு கால்ல விழுந்தாலும் அவருக்குத் தெரியாது. எனக்கு நிறம்தான் போச்சு, உணர்ச்சி போகல. என் கண்ணைக் கட்டி, இந்த வெள்ளையில ஒரு கட்டெறும்பை விடுங்க."

விட்டார்கள். எறும்பு வாய் வைத்ததுமே "ஐயோ!" என்று அலறினாள்.

வைத்தியர் சீறினார். "எறும்பு கடிச்சா எவனும்தான் அலறுவான்! இதெல்லாம் ஒரு சோதனையா?"

கண்கட்டை அவிழ்த்த செங்கமலம் சொன்னாள்: "அப்படியா சாமி? எசமான் கால்ல இருக்கிற வெளிறிய படையைத் தேமல்னு சொல்லித்தானே என் சந்தனத்தைப் பூசுறீங்க? அதுலயும் ஒண்ணு விட்டுப் பார்க்கலாமே."

ஜமீன்தார் சிரித்தபடி கண்ணை மூடிக் காலை நீட்டினார். எறும்பு படையைக் கவ்விக்கொண்டு தொங்கியது. வைத்தியர் எட்டப் போய் நின்றார்.

"ம், விடுங்களேன்!" என்றார் ஜமீன்தார். "இன்னும் எவ்வளவு நேரம்?"