எமனுக்கு அகப்படாத ஆவுடை

ஏட்டி, காலை மடக்கிப் படு. பாய் முழுக்க நீயே எடுத்துக்கிட்டா நான் எங்கன படுக்க? ஆங், இப்படி. கதை வேணும்னா "ம்" கொட்டணும், இப்பவே சொல்லிட்டேன். நீ நிறுத்துனா நானும் நிறுத்திருவேன். சுவத்துக்குக் கதை சொல்ல எனக்கென்ன கிறுக்கா?

ஒரு ஊர்ல ஒரு ஆவுடை இருந்தா. ஒரு ஆவுடையா? அந்த ஊர்ல எங்க திரும்புனாலும் ஆவுடைதான். ஊர் அம்மன் பேரு ஆவுடையம்மா. வீட்டுக்கு வீடு மூத்த பொம்பளப் புள்ளைக்கு அந்தப் பேரைத்தான் வைப்பாவ. வைக்காட்டா அம்மன் கோவிச்சுக்கிடுமாம். கெணத்தடியில நின்னு "ஏட்டி ஆவுடை"ன்னு ஒரு சத்தம் குடுத்தா, ணங்கு ணங்குன்னு அத்தனை கொடமும் கீழ இறங்கும், அத்தனை தலையும் திரும்பும். அப்போ எந்த ஆவுடைன்னு எப்படிக் கண்டுபிடிக்க? அதனால பாக்குற வேலைய முன்னால சேத்துக் கூப்பிடுவாவ. பால்கார ஆவுடை, தையக்கார ஆவுடை, டீச்சர் ஆவுடை. வேலை மாறுனா பேரும் மாறிரும். வெளங்குதா?

ம்.

நம்ம ஆவுடை இட்லிக்கார ஆவுடை. கல்யாணமும் இல்ல, காட்சியும் இல்ல. ஆனா இடுப்புல ஒரு புள்ள இருந்துச்சு. கூடப்பொறந்த தங்கச்சி பெத்துப் போட்டுட்டுக் கண்ணை மூடிட்டா, பாவம். அந்தப் பச்சப் புள்ளைக்கு இவளை விட்டா நாதியில்ல. பேரு செல்லத்தாயி.

என்னது, ஒங்கம்மா பேரா? ஏன், ஊர்ல ஒரே ஒரு செல்லத்தாயிதான் இருக்கணும்னு சட்டமா? குறுக்க பேசாம கேளு.

அந்த ஆவுடை கைவேலைய ஒரு குத்தம் சொல்ல முடியாது. இட்லி பஞ்சு மாதிரி இருக்கும். வாய்தான் கொஞ்சம் நீளம். வாய் மட்டும் இல்லாட்டா நாய் தூக்கிட்டுப் போயிரும்னு ஊர்ல சொல்லுவாவ.

அப்போ மேல, எமதர்மராசா ஒரு கிங்கரனைக் கூப்பிட்டு, "இட்லிக்கார ஆவுடைக்கு நேரம் வந்துட்டு, போய்க் கூட்டிட்டு வா"ன்னு சொன்னாரு. அவன் கையில ஒரு கயிறு குடுத்தாரு. அந்தக் கயித்துல ஒரு விசேஷம் உண்டு. எமன் சொன்ன பேரு உள்ள ஆளு மேலதான் விழும். ஆளு மாறிட்டுன்னு வையி, போட்டவன் கழுத்துலயே வந்து சுத்திக்கிடும்.

எமன் ஏறுறது நல்ல பெரிய எருமை. கிங்கரனுக்குக் குடுத்தது ஒரு நோஞ்சான் எருமை. தொபுக்கு, தொபுக்குன்னு நடக்கும். வழியில ஒரு குளத்தைக் கண்டுட்டா போதும், களக்குன்னு இறங்கிப் படுத்துக்கிடும். அது எப்போ எந்திரிக்கோ அப்போதான் கிங்கரனும் எந்திரிக்கணும்.

எருமை இங்க குளத்துல கெடக்கா, அங்க இட்லிக்கடையில சண்டை. கடைக்கு இடம் விட்டவரு மூக்காண்டி அண்ணாச்சி. தினமும் ஓசியில தின்னுட்டு, நொட்டை சொல்லாம எந்திரிக்க மாட்டாரு. அன்னைக்கு, "இது சட்னியா, இல்ல கை கழுவுற தண்ணியா?"ன்னு கேட்டாரு. ஆவுடை, "அப்படியா அண்ணாச்சி, அப்போ நல்லாக் கழுவிக்கிடுங்க"ன்னு சொல்லி வாளியோட அவரு கையில கவுத்தா. சளார்ர்ர். வேட்டியெல்லாம் சட்னி. சாயங்காலத்துக்குள்ள அடுப்பு, அண்டா, இட்லிக் கொப்பரை எல்லாம் தெருவுக்கு வந்துட்டு.

சிரிக்காத. அவளுக்கு எப்படி இருந்திருக்கும்? புள்ளைக்குப் பால் வாங்கணும்லா? மறுநாளே கோயில் வாசல்ல ஒரு கூடையும் வாழைநாரும் வச்சுப் பூக்கட்ட உக்காந்துட்டா. ஊர்க்காரங்களும் பூக்கார ஆவுடைன்னு கூப்பிட ஆரம்பிச்சிட்டாவ.

அப்புறம் எருமை எந்திரிச்சுச்சு. தொபுக்கு, தொபுக்கு. கிங்கரன் தேடித் தேடி அவ முன்னால வந்து நின்னான். வேற யாரு கண்ணுக்கும் அவன் தெரிய மாட்டான், யாருக்கு வந்தானோ அவுகளுக்கு மட்டும்தான் தெரிவான். "இட்லிக்கார ஆவுடை நீதானே?"ன்னு சொல்லிக் கயித்தை வீசுனான். சர்ர்ருன்னு போன கயிறு பாதியில யோசிச்சுச்சு. திரும்பி வந்து அவன் கழுத்துலயே சுத்திக்கிட்டு. கொர்ர்ர், கொர்ர்ர்ங்கான்.

ஆவுடை, "ஏல, கண்ணு அவிஞ்சு போச்சா? இதைப் பாத்தா இட்லியாவா தெரியுது?"ன்னு திட்டிக்கிட்டே முடிச்சை அவுத்து விட்டா. பூக்கட்டுற விரல்லா, பட்டுன்னு அவுந்துட்டு. அப்புறம் ஒரு செம்புத் தண்ணியும் குடுத்து, நீ யாருன்னு கேட்டா. அந்த மண்டு, எமன் சொன்னது, கயித்துச் சங்கதி, எருமை படுத்தது வரைக்கும் ஒண்ணு விடாம ஒப்பிச்சிட்டுப் போனான்.

அவன் போன பொறவுதான் ஆவுடைக்குப் பயம் வந்துச்சு. தனக்காக இல்லட்டி. பூக்கூடை பக்கத்துல அந்தப் புள்ள விரலைச் சப்பிக்கிட்டுத் தூங்குது. நான் போயிட்டா இதை யாரு தூக்குவான்னு நெனைச்சா, கண்ணு ரெண்டும் பொலபொலன்னு வடியுது.

ம்.

அப்புறம் எமன் கிங்கரனைக் கிழிகிழின்னு கிழிச்சாரு. "சரி, பூக்கார ஆவுடையக் கூட்டிட்டு வா, போ"ன்னு விரட்டுனாரு. எருமை என்ன செஞ்சிச்சு?

ஆங், குளத்துல படுத்துட்டு. நல்ல புள்ள.

அன்னைக்கு ஊர்ல ஒரு வீட்டுல கல்யாணம், ஒரு வீட்டுல சாவு. ரெண்டு வீட்டுக்கும் ஆவுடைதான் மாலை. கிங்கரன் வாரானான்னு ரோட்டைப் பாத்துக்கிட்டே கட்டுனாளா, மாலை மாறிப் போச்சு. மாப்பிள்ளை கழுத்துல சாவு மாலை விழுந்துட்டு, மாமியாக்காரி தடார்னு மயங்கி விழுந்துட்டா. சாவு வீட்டுல நாற்காலியில உக்கார வச்சிருக்காவளே அந்தச் செத்த தாத்தா, அவரு கழுத்துல ரோசாப்பூ மாலை, ஜிகினா, குஞ்சம் எல்லாம் தொங்குது. அழுதுக்கிட்டிருந்த அவரு பொண்டாட்டிக் கெழவி நிமிந்து பாத்துட்டு, முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு வெக்கப்பட்டாளாம்.

அதோட பூ வியாபாரமும் போச்சு. ஆனா சாவு வீட்டுக்கு வந்த ஒப்பாரிக்காரிங்க, "ஒன் வாய்க்கு எங்க தொழில்தான் சரிப்படும், வா"ன்னு கூட்டிக்கிட்டாவ. ஒப்பாரிக்கார ஆவுடை ஆயிட்டா.

கிங்கரன் வந்தான், கயித்தை வீசுனான். என்ன ஆச்சு?

கொர்ர்ர். அதேதான். அவளே முடிச்சை அவுத்து விட்டுட்டு, மறுபடியும் பாட உக்காந்தா. அவனும் ஓரமா உக்காந்து கேட்டான். தாயில்லாப் புள்ளையப் பத்தி அவ ஒரு பாட்டு பாடுனா பாரு, அவன் மூக்கைச் சிந்திக்கிட்டே மேல போனான். உசிரு எடுக்குறவனுக்கே நெஞ்சு வெடிச்சிட்டு.

மூணாந்தடவை எமன், "ஒப்பாரிக்கார ஆவுடையோட வா, இல்லாட்டா வராத"ன்னுட்டாரு. இந்தத் தடவை கிங்கரனுக்குப் புத்தி வந்துட்டு. எருமைய அங்கனயே கட்டிப் போட்டுட்டு நடந்தே வந்துட்டான். விறுவிறுன்னு நடை. ஒருநாள் முந்தியே வந்து சேந்துட்டான்.

எந்திரிச்சு உக்காராத, படு. சொல்லுதேன்.

அன்னைக்குச் செத்தது யாரு தெரியுமா? அந்த மூக்காண்டி அண்ணாச்சிதான். வாசல் நிறைய கூட்டம். ஆவுடை நடுவுல உக்காந்து மாரடிச்சுப் பாடுதா. தம்மு, தம்மு. நிமிந்து பாக்கா, பந்தக்கால் பக்கத்துல கிங்கரன் நிக்கான். கையில கயிறு. இவ இப்போ ஒப்பாரிக்கார ஆவுடையேதான். ஓட இடமில்ல. புள்ள மடியில கெடக்கு, ஒப்பாரியத் தாலாட்டுன்னு நெனைச்சுச் சிரிக்குது. கிங்கரன் கயித்தைச் சுழட்டுதான். விர்ர், விர்ர்.

அப்போ ஆவுடை ஒரு மூச்சை இழுத்து விட்டா. பாட்டை மாத்துனா.

"முறுக்கு மீச அண்ணாச்சி, முந்திப் போன அண்ணாச்சி,
சட்னியில தண்ணியின்னு சாகுமட்டும் சொன்னியே,
ஓசியில தின்ன இட்லி ஒத்துக்காமப் போயிட்டோ,
ஒம்பொண்டாட்டி ஊத்துன சாம்பாரு ஒன்னையக் கொண்டு போயிட்டோ"

கூட்டத்துல யாரோ களுக்குன்னு சிரிச்சிட்டாவ. அப்புறம் வாசலே சிரிக்கு. பறையடிக்கிறவரு குச்சியக் கீழ போட்டுட்டுச் சிரிக்காரு. அண்ணாச்சி பொண்டாட்டி எந்திரிச்சு வந்தா. "ஏட்டி, வெளிய போ. இந்த ஊர்ல எந்த எழவுக்கும் இனி நீ பாடப்படாது"ன்னா. அவ இதைச் சொல்லி வாயை மூடவும் கயிறு வந்து விழவும் சரியா இருந்துச்சு. ஆவுடை தலைமுடியத் தொட்டுச்சு. தொட்டுட்டு, திரும்பிப் போயிட்டு.

கொர்ர்ர்.

அப்புறமென்ன, அவளுக்குச் சூட்சுமம் பிடிபட்டுப் போச்சு. கிங்கரனும் நடக்க மாட்டாம மறுபடி எருமையிலதான் வந்தான். எருமை வாடை அடிச்சா வேலைய மாத்திருவா. பீடி சுத்துனா. தீப்பெட்டி ஆபீஸ்ல குச்சி அடுக்குனா. கொத்தனாருக்குச் சித்தாளாப் போயி, சுவரு கோணல்னு கொத்தனாருக்கே பாடம் எடுத்தா. கல்யாண மண்டபத்துல வடை தட்டுனா. பஸ் ஸ்டாண்டுல வெள்ளரிக்கா வித்தா. பிரசவம் பாக்குற ஆஸ்பத்திரியில ஆயாவா இருந்து, கத்துற பொம்பளைங்களை விட இவ அதிகமாக் கத்துனா. பள்ளிக்கூடத்துல டீச்சர், "ஒங்க பெரியம்மா என்ன வேலை பாக்காவ?"ன்னு கேட்டா, செல்லத்தாயி, "காலையிலயா டீச்சர், சாயங்காலமா?"ன்னு கேக்குமாம்.

ஒரே ஒரு வேலைய விடும்போது மட்டும் ஆவுடை அழுதா. பள்ளிக்கூடத்துல சத்துணவு ஆக்குற வேலை. அத்தனை புள்ளைங்களும் தட்டை ஏந்தி, "ஆவுடையக்கா, இன்னும் கொஞ்சம்"னு நிக்கும். அந்த வேலையிலயே செத்தாலும் பரவாயில்லன்னு அவளுக்கு இருந்துச்சு. ஆனா செல்லத்தாயி அப்போ அஞ்சாப்புதான் படிக்கு. வாசல்ல எருமை வாடை. கரண்டியக் கழுவிக் கவுத்து வச்சுட்டுக் கெளம்பிட்டா.

ம்... ம்.

தூக்கம் வருதா? கொஞ்சந்தான் இருக்கு.

அப்புறம் செல்லத்தாயி படிச்சா, வேலைக்குப் போனா, அவளுக்குக் கல்யாணம் ஆச்சு. ஒரு புள்ளையும் பொறந்துச்சு, ஒன்னைய மாதிரி வாயாடி. ஆவுடைக்குக் கை நடுங்க ஆரம்பிச்சிட்டு. செல்லத்தாயி, "பெரியம்மா, போதும். ஒரு வேலையும் பாக்காண்டாம், உக்காரு"ன்னுட்டா. அவளும் உக்காந்துட்டா. மேல எமன் தொடையத் தட்டிச் சிரிச்சாரு. "ஏல, இப்போ போ. வேலையில்லாத ஆவுடையக் கூட்டிட்டு வா. இனி எப்படி மாறுதான்னு பாப்போம்"னாரு.

கிங்கரன் வந்தான். அவனுக்கும் வயசாயிட்டு, முட்டிவலி. நொண்டி நொண்டி வந்து வாசப்படியில உக்காந்தான். ரெண்டு பேரும் பழசெல்லாம் பேசுனாவ. சட்னி கவுத்ததைச் சொல்லி இவ சிரிச்சா, ரோசா மாலையச் சொல்லி அவன் சிரிச்சான். ஒன் வேலை அத்தனையும் எனக்குத்தான் தெரியும், எல்லாத்துலயும் நான் கழுத்துல சுருக்கு வாங்கியிருக்கேன்னான். அப்புறம் தயங்கித் தயங்கிக் கயித்தை எடுத்து, "வேலையில்லாத ஆவுடை நீதானே?"ன்னு போட்டான்.

கொர்ர்ர்.

ஆவுடை அவுத்து விட்டா. விரலு நடுங்கத்தான் செஞ்சுச்சு, ஆனாலும் அவுத்தா. "யாருல வேலையில்லாதவ? மடியில புள்ள படுத்திருக்கே, தெரியலையா? இதுக்குக் கதை சொல்லித் தூங்க வைக்கணும். சம்பளம் இல்லாட்டா வேலை இல்லன்னு ஆயிருமா?"ன்னா.

அவன் முட்டியத் தடவிக்கிட்டே சொன்னான்: "ஆவுடை, மறுபடியும் மேல போய் வர என்னால முடியாது. நான் இங்கனயே உக்காந்துக்கிடுதேன். நீ இந்தக் கதைய முடி. முடிச்சிட்டா ஒனக்கு வேலை இல்ல. அப்போ வா, போவோம்."

அவளும் சரின்னா. பயமெல்லாம் போயிட்டு அவளுக்கு. செல்லத்தாயி கரையேறிட்டாள்ல. இப்போ இருக்கிறது ஆசைதான். இது "ம்" கொட்டுறதை இன்னும் கொஞ்ச நாள் கேக்கணும்னு ஆசை, வேற ஒண்ணுமில்ல.

என்னது? அந்த ஆவுடை நீயான்னா? ஊர்ல எத்தனை ஆவுடை இருக்கா. கண்ணை மூடு.

அப்போ அவ கதைய ஆரம்பிச்சா. ஒரு ஊர்ல ஒரு ஆவுடை இருந்தா. அவ இட்லி சுட்டா. அப்புறம் பூக்கட்டுனா. அப்புறம்...

ஏட்டி. "ம்" எங்க?

தூங்கிட்டா.

ம்.

ஏல, நீ எதுக்கு வாசல்ல இருந்து "ம்" கொட்டுத? கதை ஒண்ணும் முடியல. சத்தம் போடாம நீயும் தூங்கு.